பிடிக்காததையும் கேட்கும் மூளை

பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவந்த சிலர் சூதாடிகளாக மாறிப்போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் அப்படிப்பட்ட 11 பேரைப் பற்றி எழுதினார்கள். நம் ஊரில் நடுக்குவாதம் என்று சொல்லும் அந்த நோயில் கைகால் விறைக்கும், நடை தடுமாறும், முகத்தில் சிரிப்பு வருவதே சிரமமாகிவிடும். மாத்திரை தொடங்கியதும் உடம்பு ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்டது. கூடவே, யாரும் எதிர்பாராத ஒன்றும் வந்து சேர்ந்தது. சூதாட்டத்தில் அதுவரை நாட்டமே இல்லாதிருந்தவர்கள்கூட விட முடியாமல் ஆடத் தொடங்கினார்கள். பெரும் பணத்தை இழந்தார்கள். மருந்தை நிறுத்தியோ குறைத்தோ விட்ட பிறகு, தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களிடம் அந்த வெறி தணிந்தது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வு 2010இல் வெளியானது. அவர்களில் 13.6 சதவீதம் பேருக்குச் சூது, பொருள் வாங்கிக் குவிப்பது, அளவில்லாமல் தின்பது, கட்டுக்கடங்காத காமம் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. மேயோ மருத்துவர்கள் எழுதிய அந்த 11 பேர் சாப்பிட்ட வகை மருந்தைச் சாப்பிட்டவர்களிடம் இது இன்னும் அதிகம்.

ஒரு மனிதருக்குள் இல்லாத ஆசையை ஒரு மாத்திரை கொண்டுவந்து வைக்கிறது. மாத்திரை போனால் ஆசையும் போகிறது. குடிகாரர், சூதாடி, கஞ்சா இழுப்பவர் என்று ஒருவரைப் பற்றிப் பேசும்போது நம் மனத்தில் ஒரு படம் இருக்கிறது: சுகத்துக்கு அலைபவர், மன உறுதி இல்லாதவர். இந்தச் செய்திக்கு முன்னால் அந்தப் படம் நிற்குமா? அந்த மாத்திரை மூளைக்குள் என்ன செய்தது என்று பின்தொடர்ந்து போனால், போதைப் பழக்கத்தைப் பற்றி நாம் நம்பிவந்தவற்றில் பாதிக்கு மேல் கழற்றிப் போட வேண்டியிருக்கும்.

அந்த மாத்திரை மூளையில் டோபமைனின் இடத்தில் உட்கார்ந்து டோபமைனின் வேலையைச் செய்கிறது. இந்த டோபமைன் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றில் நம் மண்ணின் மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரைத் தூக்கமின்மைக்கும் சித்தப்பிரமைக்கும் நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை விளக்கி, பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்து வேதியியலாளர்கள் அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1950களின் பிற்பகுதியில் சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் அந்த ரெசர்பைனை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, கண் சொருகி, அசைவற்றுக் கிடந்தன. டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சிறிது நேரத்தில் முயல்கள் காது நிமிர்த்தி எழுந்து உட்கார்ந்தன. ரெசர்பைன் மூளையிலிருந்து டோபமைனை வடித்துவிட்டிருந்தது. எல்-டோபா அதை நிரப்பிக் கொடுத்தது. பார்க்கின்சன் நோய்க்கு இன்றுவரை முதன்மை மருந்தாக இருப்பது அதே எல்-டோபாதான். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

டோபமைன் இல்லாத முயல் ஓடவில்லை. முகர்ந்து பார்க்கவும் எழவில்லை. உலகத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கும் உந்துதலே அதனிடம் இல்லாமல் போயிருந்தது. பின்னால் வரப்போகும் விளக்கத்துக்கான குறிப்பு அப்போதே கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கவனிக்க விடாமல் வேறொரு சோதனை எல்லோருடைய கண்ணையும் கட்டிப்போட்டிருந்தது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் எலிக்குக் கம்பி குறித்த இடத்தில் இறங்காமல் விலகிப் போயிற்று. மேசையின் எந்த மூலையில் நின்றபோது அதற்கு மின்துடிப்பு கிடைத்ததோ, அந்த மூலைக்கே அது திரும்பத் திரும்ப வந்தது. உடனே ஒரு நெம்புகோலை வைத்து, அதை அழுத்தினால் துடிப்பு கிடைக்கும்படி செய்தார்கள். மணிக்கு ஏறத்தாழ 2,000 முறைவரை எலிகள் அழுத்தின. 1954இல் இது வெளியானதும், மூளையின் இன்ப மையம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று உலகமே பேசியது. அந்தப் பாதையில் ஓடும் முக்கியமான வேதிப்பொருள் டோபமைன் என்று பிறகு தெரியவந்தது. மதுவும் கஞ்சாவும் ஹெராயினும் நிக்கோட்டினும் ஆளுக்கொரு வழியில் அதைப் பெருகவிடுகின்றன என்பதும் தெரிந்தது. ஆகவே டோபமைன்தான் இன்பத்தின் சாறு, போதை என்பது இன்பத்தின் மிகுதி என்று கணக்கு முடிந்தது. இன்றைக்கும் செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதுகின்றன.

அந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதைக் கண்டவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். இன்பத்தை எப்படி அளப்பது? எலியிடம் கேட்க முடியாது. ஆனால் அதன் முகத்தைப் பார்க்கலாம். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் எலி உதட்டை நக்கிச் சுவைக்கும்; கசப்புப் பட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். கைக்குழந்தையும் மனிதக் குரங்கும் இனிப்புக்கும் கசப்புக்கும் காட்டும் முகக்குறி ஏறத்தாழ இதேதான். பெரிட்ஜும் அவருடைய சகா டெரி ராபின்சனும் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தார்கள். அந்த எலிகள் கண்முன் உணவிருந்தும் சாப்பிடவில்லை. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்திருக்கும். இன்ப மையம் செத்துவிட்டது, அதனால் உணவில் சுவையில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் விட்டார்கள். எலி உதட்டை நக்கியது, முன்பு போலவே, ரசித்து.

அந்த எலிக்குச் சர்க்கரை பிடித்திருந்தது. ஆனால் வேண்டியிருக்கவில்லை.

இதைத் தலைகீழாகவும் செய்து பார்த்தார்கள். பிறவியிலேயே டோபமைன் மிகுதியாக இருக்கும்படி மரபணு மாற்றிய எலிகள் இனிப்பை நோக்கி மற்ற எலிகளைவிட வேகமாக ஓடின. வாயில் இனிப்புப் பட்டபோது மட்டும் கூடுதலான ரசனை எதையும் அவை காட்டவில்லை. வேண்டுவதும் பிடிப்பதும் மூளையில் இரண்டு வேறு ஏற்பாடுகள் என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருந்தது. வேண்டுவதை நடத்துவது டோபமைன். அதன் பாதை நீண்டது, பரந்தது, எளிதில் தூண்டப்படுவது. பிடிப்பதை நடத்துபவை அபினைப் போன்ற, மூளை தானே சுரக்கும் பொருள்கள். அவை வேலை செய்யும் இடம் எலியின் மூளையில் ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள சின்னஞ்சிறு புள்ளிகள். ஆசைக்கு இவ்வளவு பெரிய இடத்தையும் நிறைவுக்கு இவ்வளவு சிறிய இடத்தையும் ஒதுக்கியிருக்கும் இந்த அமைப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உயிர்வாழத் தேவையானதை விடாமல் தேட வைப்பதற்காக வளர்ந்த மூளை இது. தேடியது கிடைத்தபின் நெடுநேரம் மகிழ்ந்திருப்பது அதற்கு அவ்வளவு அவசியமாக இருந்ததில்லை போலும்.

சாதாரண வாழ்க்கையில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. பிடித்தது வேண்டும், வேண்டியது பிடிக்கும். போதைப்பொருள் செய்வது இரண்டையும் பிரித்துவிடும் வேலை. 1993இல் ராபின்சனும் பெரிட்ஜும் முன்வைத்த கருத்து இது. ஒரு பொருளைத் தொடர்ந்து எடுக்கும்போது வேண்டும் என்னும் பகுதி கூர்மையடைந்துகொண்டே போகிறது. பிடிக்கும் என்னும் பகுதி அப்படியே நிற்கிறது, அல்லது மங்குகிறது. பல ஆண்டுகள் பீடி குடித்தவரிடம் கேட்டுப் பாருங்கள்: நாளின் முதல் பீடியைத் தவிர மற்றவற்றில் ருசியே தெரிவதில்லை என்பார். கை மட்டும் கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். குடிநோயாளியும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார். குடிக்கப் பிடிக்கவில்லை என்று அழுதுகொண்டே ஒருவர் கடை வரிசையில் போய் நிற்பதை வீட்டார் நாடகம் என்று எண்ணுகிறார்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

டோபமைன் எதற்காகச் சுரக்கிறது என்பதை 1990களில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் அளந்தார். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்தால் டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. சாற்றுக்கு முன்னால் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கியதும் துடிப்பு விளக்குக்கு நகர்ந்தது. சாறு வந்தபோது அவை புதிதாகத் துடிக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. தினமும் குறித்த நேரத்தில் வரும் பேருந்தை நாம் கவனிப்பதில்லை. முன்னதாக வந்தாலோ வராமலே போனாலோதான் மனம் விழித்துக்கொள்கிறது. டோபமைனும் அப்படித்தான், எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கெடுக்கிறது. எதிர்பார்த்ததைவிட நல்லது கிடைத்தால், இதற்கு முன் நடந்ததை ஞாபகம் வை, மறுபடி செய் என்று மூளைக்குச் சொல்கிறது. எதிர்பார்ப்பும் கிடைப்பதும் சமமானவுடன் பாடம் முடிகிறது. உணவிலும் நட்பிலும் அது முடியத்தான் செய்கிறது.

போதைப்பொருளில் அது முடிவதில்லை. கொக்கெய்னோ நிக்கோட்டினோ டோபமைனைத் தன் வேதியியல் பலத்தால் நேரடியாகப் பெருக்குகிறது. ஆயிரமாவது முறையும் மூளைக்கு வரும் செய்தி ஒன்றுதான்: இது நீ எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. அனுபவம் மோசமாகிக்கொண்டே போனாலும் செய்தி மாறாது. டேவிட் ரெடிஷ் என்ற ஆய்வாளர் 2004இல் இதைக் கணித மாதிரியாகவே எழுதிக் காட்டினார். படித்தவர், பாமரர், பக்தர், நாத்திகர் என்று எல்லோரும் இந்தக் கண்ணியில் விழுவதற்குக் காரணம், அது அறிவின் வாசல் வழியாக வருவதில்லை என்பதுதான்.

இதில் வேகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. புகையை உள்ளே இழுத்தால் நிக்கோட்டின் 10 முதல் 20 நொடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. செயலும் பலனும் இவ்வளவு நெருங்கியிருப்பதால் மூளை இரண்டையும் இறுகக் கட்டிவிடுகிறது. ஒரு நாளில் ஒரு பாக்கெட் புகைப்பவர் இழுக்கும் இழுப்புகளைக் கணக்கிட்டால் இருநூறு தேறும். அத்தனை முறையும் அதே பாடம். அதே நிக்கோட்டினைத் தோலில் ஒட்டும் பட்டை வழியாக மெதுவாகச் செலுத்தினால் அதற்கு அடிமையாகிறவர் மிகமிகக் குறைவு. புகையை விடுவதற்கான சிகிச்சையாகவே அது பயன்படுகிறது. ஆண்டீஸ் மலை மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கோக்கா இலையை மென்றுவருகிறார்கள். அந்த இலையிலிருந்து பிரித்தெடுத்துப் புகைக்கும் கொக்கெய்ன் சில வாரங்களில் ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிடக்கூடியது. பள்ளிப் பிள்ளைகள் உதட்டுக்கு அடியில் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலங்கள் என்னைக் கலங்க வைப்பதற்குக் காரணம் வேறு. ஆசையை அடக்கி, பின்விளைவை எடைபோடும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. ஆசையை எழுப்பும் பகுதி அதற்கு வெகு முன்பே தயாராகிவிடுகிறது.

இனி, போதைப்பொருளே உடம்புக்குள் போகாத பழக்கங்கள். சூதாட்டத்தில் டோபமைனைப் பெருக்கும் பொடியோ திரவமோ எதுவும் இல்லை. அங்கே அந்த வேலையைச் செய்வது நிச்சயமின்மை. எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்பது தெரியாதபடி வைத்தால், புறாக்கள் சலிக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று பி. எஃப். ஸ்கின்னர் வெகுகாலத்துக்கு முன்பே காட்டினார். வித்தியாசத்தைக் கணக்கிடும் மூளைக்கு, கணிக்க முடியாத பலன் ஒருபோதும் பழகிப்போகாத பலன். லாஸ் வேகாஸின் சூதாட்ட இயந்திரங்களைப் பற்றி மானுடவியலாளர் நடாஷா டௌ ஷூல் நெடுங்காலம் ஆய்ந்து 2012இல் ஒரு நூல் எழுதினார். அதில் பேசும் ஆட்டக்காரர்களில் பலருக்கு வெல்வதில்கூட அக்கறையில்லை. இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, காலமும் உடம்பும் மறந்துபோகும் அந்த நிலை நீடித்தால் போதும் அவர்களுக்கு.

மயிரிழையில் தப்பும் ஆட்டங்களை, அதாவது மூன்று ஒரே படம் வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்து மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்பதை, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லூக் கிளார்க்கும் உடன் பணிபுரிந்தவர்களும் 2009இல் ஆராய்ந்தார்கள். ஆடியவர்களிடம் கேட்டபோது, முழுத் தோல்வியைவிட அந்த ‘கொஞ்சத்தில் போன’ தோல்வி மனத்தை அதிகம் வருத்துகிறது என்றார்கள். ஆனால் மறுபடி ஆடும் ஆசை அதன்பிறகுதான் கூடியது. வெல்லும்போது விழிக்கும் மூளைப் பகுதி அப்போதும் விழித்தது. பிடிக்காதது, ஆனால் வேண்டுவது. எலியிடம் பெரிட்ஜ் கண்ட பிளவு இங்கே மனிதர்களின் வாயாலேயே வெளிப்பட்டது.

இது நமக்குத் தூரத்துச் செய்தியில்லை. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003இல் தடைசெய்யப்பட்டது. அன்றாடக் கூலியைச் சீட்டில் போட்டுத் தொலைத்த குடும்பங்களின் கதை அப்போது ஊருக்கு ஊர் இருந்தது. பிறகு அதே ஆசை கைப்பேசிக்குள் ரம்மியாக வந்தது. கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்தபோது, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கைக்குப் பின் 2022இல் மாநில அரசு சட்டம் இயற்றியது. வழக்குகள் நடந்தன. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்தியச் சட்டமும் வந்தது. சட்டம் தேவை என்றே நினைக்கிறேன். பழைய சீட்டாட்டத்தில் நாலு பேர் கூட வேண்டும், சீட்டுக் கலைக்க வேண்டும், விடிந்தால் கலைந்து போக வேண்டும். கைப்பேசியில் அந்த இடைவெளிகள் எதுவும் இல்லை. மூளை இளைப்பாறி யோசிக்கக் கிடைத்த நேரம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டுவிட்டது.

அப்படியானால் காலையில் எழுந்ததும் கைப்பேசியைத் தடவுகிறவர்கள் எல்லோரும் அடிமைகளா? இந்தச் சொல்லை எல்லாவற்றின்மேலும் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில், சூதாட்ட நோயும் மின்விளையாட்டு நோயும் இடம்பெற்றிருக்கின்றன. கைப்பேசிப் பழக்கம் தனி நோயாக இடம்பெறவில்லை. கட்டுப்பாட்டை இழந்திருக்க வேண்டும், வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றையும்விட அது முன்னால் வந்து நிற்க வேண்டும், கேடு கண்கூடாகத் தெரிந்த பிறகும் தொடர வேண்டும், இவை பொதுவாக ஓராண்டு காலமாவது நீடிக்க வேண்டும், அப்போதுதான் நோய் என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. நேரத்தை வீணாக்குவது வேறு, விட நினைத்தும் விட முடியாமல் வேலையையும் உறவையும் இழந்துகொண்டிருப்பது வேறு. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதல் இரண்டாம் வகையினருக்காகவே தனிப் பிரிவு நடத்துகிறது. ‘டோபமைன் விரதம்’ என்று இப்போது பரவும் அறிவுரையைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். டோபமைன் நச்சன்று, கழுவி வெளியேற்றுவதற்கு. அது குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உடம்பு பழகுவதும் மூளை ஆசைப்படுவதும் ஒன்றென்று எண்ணுவது மிகவும் ஆபத்தான குழப்பம். அதனால் உயிர்கள் போகின்றன. மது, நரம்பை அடக்கும் இரசாயனத்தின் பலத்தைக் கூட்டுகிறது. தூண்டும் இரசாயனத்தின் பலத்தைக் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் குடிக்கும்போது மூளை இதை ஈடுகட்ட, தூண்டும் பக்கத்தை ஓங்கவிட்டுத் தன்னைச் சமன்செய்துகொள்கிறது. திடீரென்று மதுவை நிறுத்தினால் அந்த ஓங்கிய பக்கம் மட்டும் மிஞ்சும். கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். வேறு சிலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் மனம் பேதலித்து, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். சிகிச்சையில்லாவிட்டால் இதில் சாவும் நேரலாம். கடுமையாகக் குடித்துவந்தவரை ‘திருந்தட்டும்’ என்று அறையில் பூட்டி வைப்பதும், மருத்துவரே இல்லாத இடங்களில் கட்டிப்போட்டு நிறுத்துவதும் கொடுமை மட்டுமில்லை, கொலையாகவும் முடியக்கூடும். மருத்துவமனையில் சில நாள் மருந்தும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தைப் பத்திரமாகக் கடந்துவிடுவார்கள்.

நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கும். ஆசை அடங்காது. கொக்கெய்னுக்குப் பழகிய எலிகளிடமிருந்து அதை எடுத்துவிட்டு, நாள் கழித்து அந்த நெம்புகோலையும் விளக்கையும் காட்டினால், முதல் நாளைவிட ஒரு மாதம் கழித்துத்தான் அவை வெறியோடு அழுத்துகின்றன என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பும் ஒருவருக்கு ஆபத்தான காலம் தொடங்குவதே அப்போதுதான். உடம்பு தேறி, முகம் தெளிந்து, ஆள் நன்றாயிருக்கிறார் என்று வீடு மூச்சுவிடும் நேரம் அது.

அந்த ஆசை இடத்தோடு பின்னிக்கிடக்கிறது. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசு அஞ்சி, 1971இல் சிறுநீர்ச் சோதனைக்குப் பிறகே விமானம் ஏற அனுமதித்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களை ஊரிலேயே தேடிப்போய் விசாரித்தார். அங்கே அடிமைகளாக இருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அந்த நிலைக்குப் போனவர்கள் 5 சதவீதம். மூன்று ஆண்டுகளில் 12 சதவீதம். அன்றைக்குப் பலரும் இந்த எண்ணை நம்ப மறுத்தார்கள். போர், பயம், சலிப்பு, கைக்கெட்டும் விலையில் பொடி, உடன் புகைத்த நண்பர்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. நம் ஊர்க் குடிநோயாளிக்கு அந்த வாய்ப்பில்லை. சிகிச்சை முடிந்து அவர் திரும்புவது அதே தெருவுக்கு, அதே கடை வழியாக, அதே கூட்டாளிகளிடம்.

உடம்பும் இடத்தை அறிகிறது என்பதை ஷெப்பர்ட் சீகலின் 1982ஆம் ஆண்டுச் சோதனை காட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட அறையில் ஹெராயின் பெற்றுப் பழகிய எலிகளுக்குப் பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தார். பழகிய அறையிலேயே கொடுத்தபோது 32 சதவீதம் எலிகள் செத்தன. அதே அளவைப் புதிய அறையில் கொடுத்தபோது செத்தவை 64 சதவீதம். ஹெராயினையே அறியாத எலிகளில் 96 சதவீதம். பழகிய அறையைக் கண்டதும் உடம்பு முன்கூட்டியே எதிர்வேலையைத் தொடங்கி அந்த விஷத்தை எதிர்கொள்கிறது. அந்த எதிர்வேலைதான் கடையைக் கடக்கும்போதும் நண்பனைக் காணும்போதும் மனிதருக்குள் தவிப்பாக எழுகிறது. சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ வந்தவர் பழைய அளவையே எடுத்து மூச்சு நின்றுபோவதும் நடக்கிறது. உடம்பு தன் பழைய தாங்குசக்தியை இழந்திருக்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அரிக்கிறது, இரத்தத்தையே அமிலமாக்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இதேபோல் பலர் இறந்திருந்தார்கள். தெரிந்தே ஏன் குடித்தார்கள் என்று அப்போது எத்தனையோ பேர் கேட்டார்கள். தெரிந்துகொள்வது மூளையின் ஒரு பகுதியில் நடக்கிறது, வேண்டுவது இன்னொரு பகுதியில். இறந்தவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். அந்தக் கேள்வியில் இருந்த இளக்காரம் என் மனத்தை இன்னும் அறுக்கிறது.

மூளையில் காதுக்கு உள்பக்கமாக, மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி உடம்பின் உள்நிலையை உணர்கிறது. பக்கவாதம் முதலிய காரணங்களால் அந்தப் பகுதி சேதமடைந்த 19 புகைப்பழக்கக்காரர்களை நசீர் நக்வியும் உடன் பணிபுரிந்தவர்களும் ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள். அவர்களில் 13 பேர் புகையை விட்டிருந்தார்கள். 12 பேருக்கு அது கொஞ்சமும் சிரமமில்லாமல், ஆசையே எழாமல் நடந்திருந்தது. நாளுக்கு நாற்பதுக்கு மேல் புகைத்த ஒருவர், புகைக்கும் உந்துதலை உடம்பே மறந்துபோனதாக உணர்ந்தார். பக்கவாதம் வந்த அந்த ஒரு நாளில் அவருக்குப் புதிய மன உறுதி எதுவும் வந்துவிடவில்லை. யாரும் பக்கவாதத்தைச் சிகிச்சையாகக் கொடுக்க முடியாது. ஆனால் ஆசைக்கு மூளையில் முகவரி உண்டு என்றால் அங்கே மருந்தும் போய்ச் சேர முடியும்.

போய்ச் சேர்ந்துகொண்டும் இருக்கிறது. நால்ட்ரெக்சோன் அபின் வகை ஏற்பிகளை அடைத்து, குடித்தாலும் பழைய கிளர்ச்சி எழாமல் செய்கிறது. மெத்தடோனும் புப்ரெநார்ஃபினும் ஹெராயின் அடிமைகளைச் சாவிலிருந்து மீட்பதில் நெடுநாள் அனுபவம் உள்ளவை. புகைக்குப் பட்டையும் வரெனிக்ளினும் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசும் முறையை நாட்டுக்கே காட்டியது. குடித்தவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியே சிகிச்சை வேண்டும் என்று அப்போது நம் நாட்டில் அதிகம் பேர் நினைத்ததில்லை.

அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களிடம் நடத்திய மக்கள் ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. வாழ்நாளில் எப்போதாவது மதுவுக்கு அடிமையானவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஒரு கட்டத்தில் அதிலிருந்து மீண்டுவிடுவார்கள் என்று அது கணித்தது. நிக்கோட்டினில் 84 சதவீதம். கொக்கெய்னில் ஏறக்குறைய எல்லோரும். ‘இவன் தேறமாட்டான்’ என்ற தீர்ப்பு பெரும்பாலும் தவறு. ஆனால் பாதிப் பேர் மீள ஆன காலம் மதுவில் 14 ஆண்டு, நிக்கோட்டினில் 26 ஆண்டு. ஈரலும் நுரையீரலும் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. அந்த ஆண்டுகளைக் குறைக்கத்தான் மருந்தும் மருத்துவரும். ஒருமுறை நின்று, மறுபடி விழுந்து, மறுபடி வருவது இந்த நோயின் இயல்பான போக்கு. சர்க்கரை ஏறிவிட்டது என்று வரும் நோயாளியை எந்த மருத்துவரும் வாசலிலேயே திருப்பி அனுப்புவதில்லை. குடித்துவிட்டு வருபவருக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற தேசிய உதவி எண்ணிலும், மனநலத்துக்கான 14416 எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம். குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, வீட்டில் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.